பி அணியின் கேப்டன்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு வருவதாக ரஹ்மத் அக்கா சொல்லியிருந்தார். பல்கலைக்கழக வாலிபால் கோர்ட்டுக்கு வெளியே உள்ள சிமென்ட் பெஞ்சில் ஒரு தாளை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அதில் அவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஆறு மணிக்கு அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் வேலை நேரத்தில் உட்காருகிறவர் அல்ல. "ரஹ்மத்து தவறிட்டாளாம்மா. மத்தியானம் கடையில இருந்தபடியே சாஞ்சிருக்கா. நெஞ்சுவலியாம்" என்றார்.

அழுகை அப்போது வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்னும் அதுதான் இருக்கிறது.

ரஹ்மத்து நிஷாவை, மடவார் வளாகம் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அக்காவாக உங்களில் பலருக்குத் தெரியும். பதினெட்டு வருடங்களுக்கு முன் அவர் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழக வாலிபால் கழகத்தின் முதல் பெண்கள் அணியை உருவாக்கியவர், அதன் கேப்டன் என்பது மிகச் சிலருக்கே தெரியும். அது ஏன் சிலருக்கு மட்டும் தெரிகிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

நான் பிளஸ் ஒன் மாணவி. அப்பா அந்த மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுபவர். பள்ளி விட்டதும் அங்கே போய்ப் பாடம் படிப்பேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கழகத்துக்காரர்கள் ஸ்கோர் ஷீட் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். இந்த ஆண்டு கழகத்தின் வரலாற்றை மலராக அச்சிட முடிவு செய்தபோது, பழைய ஷீட்டுகளைப் பார்த்து எழுதும் வேலையைச் செயலாளர் என்னிடம் தந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோடை விடுமுறை முழுவதும் எழுதினேன்.

ஷீட்டுகளில் இரண்டு அணிகள் இருந்தன: ஏ அணி, பி அணி. வீரர்களுக்கு இனிஷியலும் பனியன் எண்ணும் மட்டும்தான். ராஜபாளையம் போட்டியில் பி அணி கோப்பை வென்றதாக ஒரு ஷீட் சொன்னது. கேப்டன் யார் என்று செயலாளரிடம் கேட்டேன். "பி அணின்னா நம்ம ஜூனியர் பசங்கதாம்மா. ஜூனியர் மாணவர்கள்னு போட்டுரு" என்றார். போட்டுவிட்டேன். வேறு யாரிடமும் கேட்கவில்லை.

அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுக்க ரஹ்மத் அக்கா கடைக்குத்தான் போனேன். அவர் கண்ணாடி மேல் வைப்பதற்கு முன் எதையும் ஒரு பார்வை பார்ப்பார். அன்று நின்று படித்தார். பிறகு மேலுதட்டைத் தடவிக்கொண்டு, "ஏட்டி, எனக்கு மீசை வரைஞ்சு விட்டுட்டியே" என்றார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. பெண்களுக்கு அணி வேண்டும் என்று அவர் போய்க் கேட்டபோது, கழக விதியில் இரண்டு அணிக்குத்தான் இடம், பெண்கள் என்று தனியாக எதுவும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வருடம் பி அணிக்கு ஆண்கள் சேரவில்லை. காலியாக இருந்த அந்தப் பெயரை இவர் வாங்கிக்கொண்டார். நான்கு வருடங்கள் பெண்கள் அந்தப் பெயரில்தான் ஆடியிருக்கிறார்கள். ஆண்கள் ஆறு மணிக்கு வருவதற்குள் கோர்ட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதால் நாலரை மணி வெயிலில் பயிற்சி.

ராஜபாளையத்தில் அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி கோர்ட்டில் நின்ற பிறகும், பட்டியலில் 'பி அணி' என்று மட்டும் இருந்ததால் மைக்கில் "பி அணித் தம்பிகள் உடனடியாக வரவும்" என்று அழைத்துக்கொண்டே இருந்தார்களாம். அக்கா மேடைக்குப் போய், "அண்ணே, தம்பிகளுக்குப் பஸ் கிடைக்கல. தங்கச்சிகளை வச்சு ஆட்டத்தை ஆரம்பிங்க" என்றாராம். கூட்டம் சிரித்தது. அன்று மாலை பெண்கள் பிரிவுக் கோப்பையை அவர்கள் வாங்கினார்கள். அதில் பொறித்திருப்பதும் 'பி அணி' என்றுதான்.

இதைச் சொல்லும்போது அவரும் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் அணியின் செட்டர். மற்றவர்கள் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர். "அடிக்கிறவளைத்தான் ஊரு பாக்கும், தூக்கிக் குடுத்தவள யாரு பாப்பா? அதுக்காகக் கையக் கட்டிக்கிட்டு நிக்கவா முடியும்?" என்றார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படி அழகாகப் பேசியவர்களை வரலாற்றில் விட்டுவிடுவது எவ்வளவு சுலபம் என்பதை நானே எழுதிப் பார்த்துவிட்டேன்.

மறுநாளே பக்கத்தைத் திருத்தி எழுதி, பெண்களின் பெயர்களைச் சேர்த்துச் செயலாளரிடம் கொண்டுபோனேன். எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியதில் எதைத் திருத்தினாலும், அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்தில் அந்தந்த அணியின் கேப்டன் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் திருத்தம் செல்லாது. ஸ்கோர் ஷீட்டுக்கு ஏற்பட்ட அந்த வழக்கத்தைச் செயலாளர் வரலாற்றுக்கும் கொண்டுவந்தார். "அந்தப் பிள்ளையே வந்து கையெழுத்துப் போடட்டும். நானா வேண்டாங்கேன்?" என்றார். பதினெட்டு வருடங்கள் பெயரை விடுவதற்கு யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை. சேர்ப்பதற்கு மட்டும் தேவைப்பட்டது.

பள்ளிகள் திறந்த நேரம், கடையில் கூட்டம். இன்றைக்கு வாரேன், நாளைக்கு வாரேன் என்று மூன்று வாரங்கள் போயின. நான் தாளைக் கடைக்கே கொண்டுபோயிருக்கலாம். போகவில்லை. அவர் அந்த மைதானத்துக்குள் நடந்து வந்து, கழகத்துக்காரர்கள் முன்னால் கையெழுத்துப் போடுவதைப் பார்க்க ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்காக என்னை நான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு மாலை கோர்ட்டிலேயே இரங்கல் கூட்டம் நடந்தது. பிளக்ஸில் 'கழகத்தின் நீண்டகால ஆதரவாளர்' என்று போட்டிருந்தார்கள். செயலாளர் பேசினார். போட்டி நோட்டீஸ்களை அக்கா இலவசமாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தது, பையன்களுக்கு நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டது, எல்லாம் சொன்னார். எதுவும் பொய் இல்லை. ஆடினார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கடைசி வரிசையில் அன்றைய அணியின் பெண்கள் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாதான் எல்லோருக்கும் தகவல் சொல்லியிருந்தார். நான் தாளை எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போனேன். இப்போதாவது சேர்ப்பீர்களா என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, கேப்டன் கையெழுத்துக்கு இனி எங்கே போவது, இதை இத்தோடு விட்டுவிடு என்றார்.

வன்னியம்பட்டியிலிருந்து வந்திருந்த சாந்தி அக்கா எழுந்து வந்தார். "கேப்டன் கோர்ட்ட விட்டு வெளிய போயிட்டா, உள்ள நிக்கிறவள்ல ஒருத்தி கேப்டன். நீங்க ஆடுனவுகதான சார், ரூல் மறந்துபோச்சா?" என்று கேட்டார்.

"அது மேட்ச் நடக்கும்போதும்மா."

"எங்களுக்கு இன்னும் மேட்ச் முடியல."

பேனாவை என் கையிலிருந்து அவரே எடுத்துக்கொண்டார். சாந்தி கையெழுத்திட்ட பிறகு, ஆலங்குளம் எஸ்தர், அப்புறம் முத்துலட்சுமி, கோமதி, ராஜேஸ்வரி. ஒருவர் கையெழுத்துக் கேட்ட இடத்தில் ஐந்து. எல்லாவற்றுக்கும் மேலே ரஹ்மத் அக்காவின் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டார்கள். செயலாளர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பார்க்கலாம் என்றார். மலர் அடுத்த மாதம் வரும். அந்தப் பக்கம் அதில் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றால் மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் நிற்பேன்.

கூட்டத்தில் எல்லோரும் அக்காவின் பொறுமையைப் புகழ்ந்தார்கள். யாரையும் கடிந்து பேசாதவர் என்றார்கள். அது உண்மையில்லை. இறப்பதற்கு நான்கு நாட்களுக்கு முன், மலரின் கடைசிப் பக்கத்தில் 'சிறப்பு நன்றி' என்று அவர் பெயரைப் போடப் போகிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். அதுவாவது வருகிறதே என்று நானே சமாதானமும் சொன்னேன். அவர் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, என் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "நன்றி கின்றின்னு எழுதிக்கிட்டுத் திரியாத. நா ஆடுனேன்னு எழுது."

பொறுமையை அவரைப் புகழ்ந்தவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். அந்தக் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன். ரஹ்மத்து நிஷா ஆடினார்.