எக்ஸ்பிரஸ் அக்காவின் கைகள்

நாற்காலியின் விளிம்பில்தான் உட்காருவார். சாய்ந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகுமாம். ஷூ நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டுக்கொண்டு, வகுப்பறைக் கதவைப் பார்த்தபடியேதான் நம்மோடு பேசுவார். நாம் ஏதோ முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து ஓடிவிடுவார். கோபித்துக்கொண்டு பயனில்லை, அவர் வேலையே அதுதான்.

வகுப்பைவிட்டு ஓடிப்போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் அவர். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் எக்ஸ்பிரஸ் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். முழங்கால் வலி உண்டு. "உக்காந்திருந்தாதான் சார் வலிக்கும். ஓடறப்ப அதுக்கு என்னை ஞாபகமே இருக்காது" என்கிறார், அவ்வப்போது அங்கே போய்வரும் என்னிடம். அவர் சூடாக டீ குடித்து யாரும் பார்த்ததில்லை.

"புள்ளைங்க சும்மா ஓடாது சார். ஒண்ணு, எதுக்காவது பயந்து ஓடும். இல்லன்னா எதையாவது தேடி ஓடும்." மணிச் சத்தத்துக்குப் பயந்து ஓடும் ஒரு பையனை, மணி அடிப்பதற்கு முன்பே மைதானத்துக்குக் கூட்டிப் போய்விடுவார். குழாயில் தண்ணீர் விழுவதைப் பார்க்க ஓடுகிறவனுக்கு, தானே கூட்டிப் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். வாலு என்று எல்லோரும் கூப்பிடும் ஆறு வயதுக்காரி எதற்கு ஓடுகிறாள் என்பது மட்டும் ரொம்ப நாள் பிடிபடவில்லை.

வாலு அவ்வளவாகப் பேசமாட்டாள். யார் தொட்டாலும் உதறிவிடுவாள். திடீரென்று எழுந்து மாடிப்படிக்கோ சைக்கிள் ஷெட்டுக்கோ பறந்துவிடுவாள். அக்கா மூச்சிரைக்கப் போய்ப் பிடிப்பார். "எங்கடி போன என் தங்கமே, உசுரே போயிடுச்சுடி!" என்று வாரித் தூக்கி, ஒரு சுற்று சுற்றி, இறுக்கிக்கொள்வார். அப்போது மட்டும் அவள் உதறமாட்டாள். ஒருநாள் வாலுவின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "என்கிட்டகூட இப்படி ஒட்ட மாட்டேங்கிறாக்கா. நீங்க மட்டும் என்ன மாயம் பண்றீங்க?" என்று கேட்டாராம். அக்காவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

போன பருவத்தில் ஒருநாள், தண்ணீர் வண்டி உள்ளே வர கேட்டைத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் வாலு வெளியே போய்விட்டாள். அக்கா கேட்டைத் தாண்டியபோது அவள் நடுரோட்டில் நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கைகளையும் விரித்து, சிரித்தபடி நின்றிருந்தாள். பிரேக் போட்ட லாரி அவளுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"அப்பதான் சார் எனக்கு உறைச்சுது. நான் வந்து தூக்கணும்னுதான் இத்தனை நாளும் ஓடியிருக்கா. ஓடுனா அக்கா தூக்குவான்னு நான்தானே பழக்கினேன்? பாவி, நான்தானே?"

கேட்டில் இப்போது உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் இருக்கிறது. அக்காவும் டீச்சரும் கலந்துபேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: ஓடினால் தூக்குவதில்லை, முகம் பார்ப்பதில்லை, பேசுவதில்லை. கையைப் பிடித்துக் கூட்டிவருவதோடு சரி. கொஞ்சுவதெல்லாம் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான். சரியான முடிவு, ஓட்டமும் குறைந்திருக்கிறது. ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தபோது எனக்கு மனசு தாங்கவில்லை.

நான் போயிருந்த அன்றும் ஓடினாள். வராந்தாவின் கோடிவரை போய்த் திரும்பி நின்று கைகளை விரித்தாள். அக்கா அவள் எதிரே போய் நின்றார். அவருடைய இரண்டு கைகளும் ஏப்ரன் பைக்குள் இருந்தன. வாலுவின் கைகள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு மெல்ல இறங்கின. பிறகுதான் அக்கா ஒரு கையை வெளியே எடுத்து அவளைப் பிடித்து நடத்திவந்தார்.

"எனக்கு அவமேல கோவம்னு நெனச்சுக்குவாளோ சார்?" என்றார் என்னிடம், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வாலு பெஞ்சில் போய் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கத் தொடங்கினாள். அக்கா அந்த வலிக்கிற முழங்காலைத் தரையில் ஊன்றி, அவள் உயரத்துக்கு இறங்கி, இரண்டு கைகளையும் விரித்தார்.

"இப்ப வாடி தங்கம். இப்ப வா."

வாலு ஒரு கட்டையின்மேல் இன்னொரு கட்டையை வைத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. டீச்சர் பாடத்தைத் தொடர்ந்தார். அக்கா கைகளை இறக்கவில்லை.