இடது பக்கத்துப் புஷ்

கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் சாலையில் கார் பட்டறை வைத்திருக்கும் ஆசீர்வாதம் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தப்பும் செய்ததில்லை. சந்தேகம் இருந்தால் அவரையே கேட்கலாம். பிரேக் பிடிக்கவில்லையா, டிரைவர் மிதிக்கிற லட்சணம். கதவு சாத்தவில்லையா, ஏறுகிறவர்கள் இழுக்கிற இழுப்பு. மற்றதெல்லாம் கல்வராயன் மலை ரோடு. மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணும்போதுகூட இந்த மனுஷன் ரோட்டைத்தான் குறை சொல்லுவார் என்று அவர் மனைவி பவுலின் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

அப்பேர்ப்பட்டவரிடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தெய்வசிகாமணி தன் வாடகைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். இடது முன்சக்கரத்தில் தடக் தடக்கென்று சத்தம். அவன் மூஞ்சியும் செத்துக் கிடந்தது. காரணம் பட்டறைக்கே தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் மாமியார் வீட்டு ஆட்களைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போய்த் திரும்பி இறங்கும்போது இந்தச் சத்தம் ஆரம்பித்திருக்கிறது. என்ன சத்தம் என்று மாமியார் கேட்க, இவன் பக்கத்தில் இருந்த பெண்டாட்டி குஞ்சம்மாளைக் காட்டி, "எடப்பக்கம் லோடு ஜாஸ்தி" என்றிருக்கிறான். பின்சீட்டே கொல்லென்று சிரித்தது. குஞ்சம்மாள் கச்சிராயபாளையத்தில் இறங்கி, பஸ் பிடித்து, எலவனாசூர்கோட்டை அம்மா வீட்டுக்குப் போனவள்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் கூடிக் கல்யாணத்தை அத்துவிடுவதாகப் பேச்சு.

"எத்தினி தபா போன் போட்டேன்ணே, எடுத்தாதான?" என்று தெய்வசிகாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஆசீர்வாதம் வண்டியைப் பட்டறைக் குழிக்கு மேல் நிறுத்தி, ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்மைக் கழற்றி இறக்கினார். அதன் முனையில் அதிர்வைத் தாங்குகிற ரப்பர் புஷ் ஒரு பக்கமாக முறுக்கிக் கிழிந்திருந்தது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே கடைசி நட்டை இறுக்கிவிட்டால் இப்படித்தான் ஆகும். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று, சீக்கிரம் கிழிந்துபோகும். எந்த மடையன் செய்த வேலை என்று கேட்க வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். போன தையில், கல்யாணப் பந்திக்கு நேரமாகிறதென்று அவசர அவசரமாகப் பூட்டியது அவரேதான். ஒரு குடும்பம் தன்னால் பிரிந்து கிடக்கிறது. அதற்காக உண்மையைச் சொல்லிவிட முடியுமா? கிழிந்த புஷ்ஷைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

புதுப் புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, பிரஸ்ஸில் வைத்து அழுத்தி ஏற்றினார். ஆர்மை மாட்டி, நட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு, சக்கரத்தைப் பூட்டி ஜாக்கியை இறக்கினார். இனிக் குழியில் இறங்கி இறுக்கினால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எடப்பக்கம் எப்பவும் யாருய்யா ஒக்காருவாங்க?"

"குஞ்சம்மாதான்."

"அப்ப அது வந்து ஒக்காரணும். பழகின பாரம் ஏறினாதான் நட்டை முடுக்க முடியும்."

"ஒரு மூட்டை சிமிட்டி வெக்கிறேன்ணே."

"சிமிட்டி மூட்டை வளைவுல சாயுமா? போய் இட்டுக்கினு வாய்யா."

வண்டி நாலு சக்கரத்தில் நின்றாலே போதும், ஆளே தேவையில்லை. அது ஆசீர்வாதத்துக்குத் தெரியும், தெய்வசிகாமணிக்குத் தெரியாது. பஸ் ஏறிப் போனான். மாமியார் வீட்டு வாசலில் என்ன கெஞ்சினானோ, மூன்று மணிக்குக் குஞ்சம்மாள் பட்டறைக்குள் நுழைந்தாள். அவன் பத்தடி தள்ளிப் பின்னால் வந்தான்.

இருவரையும் முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டு ஆசீர்வாதம் குழியில் இறங்கினார். நட்டைக் கொஞ்சம் திருகுவார். "அசையாதீங்க, அப்டியே இருங்க" என்று கத்துவார். பிறகு மேலே பேச்சு கிளம்புகிறதா என்று சும்மா நின்று காது கொடுப்பார். ஐந்து நிமிஷ வேலையை முக்கால் மணி நேரம் இழுத்தும் மேலே மூச்சுச் சத்தம்கூட இல்லை. கடைசியில் திருக இடமில்லாமல் நட்டு இறுகிவிட்டது.

அப்போதுதான் குஞ்சம்மாள் வாயைத் திறந்தாள். "அண்ணே, நீங்க தொழில் தெரிஞ்சவரு. உள்ளத சொல்லுங்க. இது இன்னாத்தால கெட்டுச்சு? என் கனத்தாலயா?"

ரோட்டால் என்று சொல்ல அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ரோடு பாதி, கனம் பாதி என்று பேச்சு நீளும். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்துபோகும். குழியிலிருந்து ஏறி வந்தார். பையிலிருந்த கிழிந்த புஷ்ஷை எடுத்து அவளிடம் காட்டினார்.

"இல்லம்மா. நான்தான் தப்பா பூட்டிட்டேன். ஒன் கனத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

தெய்வசிகாமணி அவரை முறைத்தான். அப்புறம் பெண்டாட்டியின் பக்கம் திரும்பி, "நான் அப்டி சொல்லியிருக்கக் கூடாது, குஞ்சம்மா" என்றான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. இறங்கிப் போய்ப் பின்சீட்டின் நடுவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அன்னிக்குச் சிரிச்சவங்கல்லாம் எலவனாசூர்கோட்டையில இருக்காங்க. அண்ணே, நீங்க முன்னாடி ஏறுங்க. எங்கம்மா வூட்டு வாசல்ல நின்னு, இப்ப சொன்னத அப்டியே சொல்லுங்க. சொன்னீங்கன்னா நான் இவரோட எங்க வூட்டுக்குப் போறேன்."

கிரீஸ் கையைக்கூடக் கழுவாமல் ஆசீர்வாதம் இடது பக்கம் ஏறினார். எங்காவது ஒரு சின்னச் சத்தம் வந்தால் போதும், அதைச் சாக்காக வைத்து வண்டியைத் திருப்பச் சொல்லிவிடலாம் என்று வழி நெடுகக் காதைத் தீட்டிக்கொண்டு வந்தார். பாழாய்ப்போன வண்டி, மாமியார் வீட்டு வாசல்வரை ஒரு முனகல்கூட இல்லாமல் போய் நின்றது.