ஒரே கணினியில் இரண்டு ஜாவா

அண்மையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்த மெக்கானிக், பழைய கணினி ஒன்றின் பக்க மூடியைக் கழற்றி ஊதினார். சூடேறிய தூசியின் வாசனை. எனக்கு அந்த வாசனைக்கு ஒரு முகம் உண்டு: அமலி.

2006இல் திருப்பாதிரிப்புலியூரில், ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், ஒரு மாடியறை மென்பொருள் நிறுவனம். உரிமையாளர், அமலி, நான் என மூவர்தாம். காலையில் எனக்கும் பிற்பகலில் அமலிக்குமாக ஒரே கணினி. சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றுக்கு நான் எழுதிய நிரலை, ஜாவா என்னும் நிரல்மொழியின் பழைய பதிப்பில் ஆக்கினால்தான் அங்கே ஓடும். அமலியின் வேலைக்குப் புதிய ஜாவா. இரண்டும் அதே பெட்டிக்குள் குடியிருந்தன. செட்டிங்ஸில் ஒரு வரியை மாற்றினால், வேண்டியது வேலை செய்யும். அமலி போகும்போது அந்த வரியை எனக்காகத் திருப்பி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இருமுறை சிதம்பரத்தில் என் நிரல் ஓடவில்லை. புதிய ஜாவாவில் ஆக்கியது என்று பிழைச்செய்தி வந்தது. செட்டிங்ஸிலோ பழையதே இருந்தது! அந்த மாதத்தோடு ஒருவரைத்தான் வைத்துக்கொள்வேன் என்று உரிமையாளர் சொல்லியிருந்த நேரம். அதன்பின் அமலி முருங்கைக்காய்க் குழம்பைப் பகிர்ந்தாலும், என் வேலையைக் கெடுப்பவள் இவளோ என்று எனக்கு ஐயம். துப்பறியும் கதைகள் அளவுக்கு மேல் படித்த புத்தி வேறு.

ஒரு மாலை கதவோரம் ஒளிந்து பார்த்தேன். கிளம்பும் முன் அமலி செட்டிங்ஸைத் திறந்தாள்.

"என்னாடி பண்ற?"

"உன்னுதுக்கு மாத்தி வைக்கிறேன். ஏன், போலீசு வேலைக்குச் சேந்துட்டியா?"

"அப்பறம் ஏன் ரெண்டு தடவையும் உன் ஜாவா வந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? சந்தேகம்னா நேரா கேளேன், ஒளிஞ்சு பாக்குறியே!"

நான் உரிமையாளரிடம் போய், அமலி செட்டிங்ஸில் கைவைத்ததைக் கண்ணால் கண்டதாகச் சொன்னேன். பொய்யில்லை, கண்டதற்கு நானே அர்த்தம் எழுதிக்கொண்டேன். "ஜாஸ்தி பேச வேணாம். நாளையிலேந்து வராத," என்றார் அமலியிடம்.

இருவர் வேலையும் என் தலையில் விழுந்தது. ஒருநாள் நானே வரியை மாற்றினேன். நிரலை ஆக்கும் கட்டளைகளைத் தட்டுவதற்காக ஏற்கெனவே திறந்திருந்த கறுப்பு விண்டோ மட்டும் முன்பிருந்த ஜாவாவையே பிடித்துக்கொண்டிருந்தது. திறந்த விண்டோவுக்கு மாற்றம் எட்டாது. மூடிப் புதிதாகத் திறக்க வேண்டும். அந்த மெதுவான கணினியை நாங்கள் அணைப்பதேயில்லை. அமலி வரியை ஒழுங்காகத் திருப்பி வைத்திருக்கிறாள். அவள் மூடாமல் விட்ட விண்டோவிலேயே அந்த இரு காலையும் வேலை செய்தவள் நான்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வேலை போகும். சொல்லவில்லை. அமலி சென்னைக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

இன்று ஒவ்வொரு மென்பொருள் திட்டமும் தனக்கான ஜாவாப் பதிப்பைத் தானே தேர்ந்துகொள்கிறது. ஒருவர் மற்றவருக்காக எதையும் திருப்பி வைக்க வேண்டியதில்லை. அந்த மாடியறையில் இப்போது செருப்புக் கடை. உரிமையாளர் சென்ற ஆண்டு காலமானார். அமலிதான் கெடுத்தாள் என்று கடைசிவரை நம்பியிருந்தார்.