தரையைத் தொடாத கேம்பர்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து சாந்தன்பாறைக்கு

முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து என் மனைவி செல்வியால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. நடுநடுவே படுத்தாக வேண்டும். அவளுடைய தங்கை ராணி இருப்பதோ சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து ராணிக்கு இந்த ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. போனில் படத்தைப் பார்த்த செல்வி, நேரில் போக முடியாதே என்று அன்று சாப்பிடவே இல்லை.

அதற்காகத்தான் கேம்பர் வாங்கினேன். பிக்கப்பின் பின்தொட்டிக்குள் இறக்கி வைக்கும், படுக்கையோடு கூடிய பெட்டி அது. அடிப்பாகம் தொட்டிக்குள் அடங்கும். மேல்பாகம் அகன்று இரு பக்கச் சுவர்களுக்கும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். வேறொருவர் தன் வண்டிக்காகச் செய்து, பிறகு விற்றது. எடை அரை டன்.

கொழிஞ்சாம்பாறையில் விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். மறையூர் வழி பக்கம்தான். ஆனால் எங்கள் பெட்டியின் உயரத்துக்குத் தாழ்ந்த மரக்கிளைகள் ஆகாது என்று பொள்ளாச்சி, பழனி, தேனி, போடி என்று சுற்றினோம். மொத்தம் ஏறக்குறைய 270 கிலோமீட்டர். மணிக்கொரு தரம் ஓரமாக நிறுத்துவேன். செல்வி பின்னால் போய்ப் படுப்பாள். சமவெளி முழுக்க ஒரு குறையும் இல்லை.

போடியைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் சத்தம் ஆரம்பித்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்னால் ‘டொக்’ என்று இடித்தது.

“ஏனுங்க, பொட்டி ஒரு பக்கமா சாயறாப்பல இருக்குதுங்க,” என்றாள் செல்வி, கண்ணாடியைப் பார்த்தபடி.

இடது பக்கம் பள்ளம். நிறுத்த இடமில்லை. பத்து கிலோமீட்டர் வேகத்தில், ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு போடிமெட்டு வரை ஏற்றினேன். 

சோதனைச்சாவடியைத் தாண்டி ஒரு டீக்கடை, பக்கத்தில் சமதரை. இறங்கிப் பார்த்தேன். தொட்டியின் இடதுசுவர் வெளிப்பக்கம் பிதுங்கியிருந்தது, பெயிண்ட் உரிந்து தகரம் தெரிந்தது. பெட்டிக்கு அடியில் டார்ச் அடித்தால், தொட்டியின் தரையில் நான் விரித்திருந்த ரப்பர் பாயின் மேல் தூசி கலையாமல் கிடந்தது. பெட்டி தரையைத் தொடவே இல்லை! இரண்டு விரல் இடைவெளி. அரை டன்னும் இரண்டு தகரச் சுவர்களில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

“இன்னும் இருபது கிலோமீட்டர்தானே, மெல்லப் போயிரலாமா?” என்றேன்.

“வேண்டாமுங்க. கொழந்தயப் பாக்கப் போறோம். ஒழுங்காப் போய்ச் சேரோணும்,” என்றாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படுப்பதற்கென்றே வாங்கிய பெட்டிக்குள் ஏற முடியாத நிலை. டீக்கடை அம்மா பெஞ்சை இழுத்துப் போட்டு அவளைப் படுக்கவைத்தார்.

கடைக்குப் பின்னால் புது அறை கட்டுவதற்காகச் மூன்று விரல் கனத்தில் சென்ட்ரிங் பலகைகள் அடுக்கியிருந்தன. கேட்டதும் அந்த அம்மா நான்கைக் கொடுத்தார். பெட்டியின் நான்கு மூலைகளிலும் இரும்புக் கால்கள் உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் கால் கீழே ஊன்றிப் பெட்டி மேலே எழும்பும். ஆனால் அங்கே காற்று ஆளையே தள்ளியது; தூக்கிய பெட்டி சாயாமல் பிடிக்க ஆள் வேண்டும். அந்த நேரம், தோட்ட வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்கும் ஜீப் ஒன்று வந்து நின்றது.

“என்னண்ணே, கூட்டையே தூக்கிட்டு வந்துருக்கீக?” என்றார் டிரைவர் முருகேசன். விஷயத்தைச் சொன்னேன். அவர் வாய் திறப்பதற்குள் பாண்டியம்மா என்ற பெண் குதித்து இறங்கினார். “ஏ, எல்லாரும் எறங்குங்கடி. அக்கா படுத்துக் கெடக்கு, பாத்துக்கிட்டா இருப்பீக?”

முதலில் பெட்டியைத் தொட்டியின் விளிம்போடு கட்டியிருந்த வார்ப்பட்டைகளை அவிழ்த்தேன். இரண்டு கயிறுகளைப் பெட்டிக்கு மேலே போட்டு, பக்கத்துக்கு நான்கு பேராகத் தள்ளி நின்று இழுத்துப் பிடித்தார்கள். யாரும் அடியில் கை விடக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நானும் முருகேசனும் மூலை மூலையாகக் கைப்பிடியைச் சுற்றினோம். ஒருமுறை காற்றடித்துப் பெட்டி ஆடியது. 

“விட மாட்டோம்ணே, நீங்க சுத்துங்க!” என்று கத்தினார் பாண்டியம்மா.

ஒரு நீளக் கம்பால் பாயை இழுத்தெடுத்து, பலகைகளைத் தள்ளிப் பரப்பி, மேலே ரப்பர் பாயை விரித்து, பெட்டியை இறக்கினோம். இப்போது பக்கச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே விரல் நுழைந்தது. வார்ப்பட்டைகளை இம்முறை தொட்டியின் விளிம்பில் மாட்டாமல் வண்டியின் அடிச்சட்டத்தில் கட்டினோம். வண்டியைச் சற்று முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. அத்தனை பேரும் கைதட்டினார்கள். டீக்கு மட்டும் என்னைக் காசு கொடுக்க விட்டார்கள்.

பூப்பாறை தாண்டி, இருட்டும் முன் சாந்தன்பாறை. ராணி வாசலிலேயே குழந்தையோடு நின்றாள். கேம்பர் படுக்கையில் செல்வி படுத்துக்கொள்ள, குழந்தையை அவள் மார்பின் மேல் கிடத்தினோம். நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.

இப்படிக் கிளம்ப நினைப்பவர்களுக்கு: பெட்டியின் எடை தொட்டியின் தரையில்தான் உட்கார வேண்டும், சுவரில் அல்ல. இடைவெளி இருந்தால் தரை முழுக்கச் சமமாகப் பலகை போடுங்கள். அங்கங்கே கட்டை வைத்தால் அடிப்பாகம் விரிசல் விடும். வழுக்காமலிருக்க ரப்பர் பாய் அவசியம். எடையின் பெரும்பகுதி பின் அச்சுக்கு முன்னால் வரட்டும். கிளம்பி ஐம்பது கிலோமீட்டரில் இறங்கி வார்களை இழுத்துப் பாருங்கள். ஓடும்போது பெட்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது. சமவெளியில் சத்தம் வரவில்லை என்று மலையை நம்பாதீர்கள்.

மறுநாள் காலை செல்வி எனக்கு முன்பே எழுந்து, வண்டிச் சாவியோடு வந்து நின்றாள்.

“ஏனுங்க, சக்குபள்ளமுன்னு இன்னொரு மலையூரு இருக்குதாமா, இங்கிருந்து எத்தன கிலோமீட்டருங்க?”