வடக்கே ஒரு செம்மஞ்சள் கறை

எங்கள் மலையிலிருந்து பார்த்தால் துருவ நட்சத்திரம் மிகத் தாழ்வாக, வடக்கு விளிம்பைத் தொட்டுவிடுவது போல நிற்கும். மற்ற நட்சத்திரங்கள் அதைச் சுற்றிப் போகும் வளையங்களைப் படமாக்க வடக்கே திறந்த இடம் வேண்டும். கொடைக்கானலில் என் வீட்டைச் சுற்றி விடுதி விளக்குகள். அதனால் மேல்மலையில் ஒரு பூண்டு விவசாயியின் தோட்டத்துக்குப் போவேன். தோட்டத்தின் வடக்கு ஓரத்தோடு நிலம் முடிந்து காய்ந்த புல் சரிவு தொடங்கும். சரிவின் அடியில் காடு, அதற்கும் அப்பால் சமவெளியில் பழனி ஊரின் வெளிச்சம்.

பங்குனி உத்திரத்துக்கு முந்தைய அமாவாசையை ஒட்டி, வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று இரவுகள் அங்கே எடுத்தேன். கேமராவை வடக்கு ஓரத்தில் தானாக எடுக்க விட்டுவிட்டு, நான் அவர்கள் வீட்டுக்குள் போய்ப் படுத்துவிடுவேன். விவசாயியின் மனைவிக்கு என் சோலி ஒரு வேடிக்கை.

"இருட்டப் படம் புடிக்க இம்புட்டு தூரம் வரணுமாக்கும்? உங்க ஊர்ல கரண்டே போகாதா?" என்றார் முதல் நாள்.

புகை வாசனை இருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. விதைப் பூண்டைப் பரணில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டிப் புகை காட்டி வைப்பது அங்குள்ள வழக்கம். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் சட்டையில் அந்தப் புகை ஏறிவிடும்.

ஓர் இரவின் படங்களை மறுநாளே திருத்திவிடுவது என் பழக்கம். அரை நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளையங்கள் கிடைக்கும். கூடவே ஊர் விளக்குகளின் அழுக்கு வெளிச்சமும் சேர்ந்துவிடும். அதைத் துடைப்பதுதான் பாதி வேலை. சனிக்கிழமை துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கறை கொஞ்சம் பெரிதாக இருந்தது. உத்திரத்துக்குப் பழனியில் இப்போதே விளக்குகள் போடத் தொடங்கியிருப்பார்கள் என்று நினைத்து மறுபடி துடைத்தேன். இரண்டு நாளும் குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதியிருக்கிறேன்: "வடக்கில் செம்மஞ்சள் கறை. நீக்கப்பட்டது."

திங்கட்கிழமை காலை மூன்றாம் இரவின் படங்களைத் திறந்தேன். கறையை மென்பொருளால் முழுமையாக எடுக்க முடியவில்லை. மூன்று இரவுகளின் திருத்தாத படங்களையும் எடுத்து, நாள்வாரியாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். பழனியின் மங்கல் வெளிச்சம் மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தது. அதற்கு இடப்புறம், விளிம்புக்குக் கீழே, வெள்ளியன்று சிவப்பாக ஒரு புள்ளி. சனியன்று ஒரு கோடு. ஞாயிறன்று அது வளைந்து, சரிவின் பாதி வரை ஏறியிருந்தது. ஊர் இடம் மாறாது.

விவசாயிக்குப் போன் செய்தேன்.

"என்னங்கண்ணே, நட்சத்திரமெல்லாம் எண்ணி முடிச்சாச்சா?"

"தம்பி, வடக்குச் சரிவுல தீ ஏறுது. படத்துல தெரியுது. உங்களுக்குப் புகை வாசம் வரலையா?"

அவர் சிரித்தார். "எங்க வீட்ல எப்பண்ணே புகை வாசம் இல்லாம இருந்திருக்கு?"

"பரண் புகையை அணைச்சுட்டு வெளிய நின்னு பாருங்க."

"அது அணைச்சு நாலு நாளாச்சேண்ணே. விதைப் பூண்டெல்லாம் வியாழக்கெழமையே யாவாரிக்கு ஏத்தி விட்டாச்சு. பரண் காலியாத்தான் கெடக்கு."

சொல்லிக்கொண்டே அவர் கதவைத் திறக்கும் சத்தம் வந்தது. பிறகு வெளிக்காற்று அடிப்பது கேட்டது.

"அவ சுள்ளி பொறுக்கக் கீழ எறங்கிருக்காண்ணே" என்றார், வேறு குரலில்.

போனை அணைக்காமலே ஓடினார். செருப்புச் சத்தம், மூச்சு, மனைவியைக் கூப்பிடும் குரல், மறுபடி மூச்சு. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தேன். திரையில் அந்தச் சிவப்பு வளைவு அப்படியே இருந்தது. எவ்வளவு நேரம் என்று முதல்முறையாக நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பிறகு தூரத்தில் ஒரு பெண் குரல்.

"எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க? என்ன, மாடு செத்துப் போச்சா?"

"சுமையப் போடுடி! போட்டுட்டு வெரசா மேல ஏறு!"

"பாதிதான் கட்டிருக்கேன்..."

"போடுங்கிறேன்ல!"

அதோடு இணைப்பு அறுந்தது.

வனத்துறைக்குச் சொல்லிவிட்டு ஜீப் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது ஊரே தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் நின்று, மண்வெட்டியால் புல்லைச் செதுக்கி ஒரு வெற்றுப் பாதை போட்டுக்கொண்டிருந்தது. தீயை அடிக்க நானும் ஒரு பச்சைக் கிளையை வாங்கிக்கொண்டேன். தீ பாதைவரை வந்து, பக்கவாட்டில் திரும்பி, மேற்கே காட்டுக்குள் போனது. வீடு தப்பியது. மேற்கில் அது இன்னும் இரண்டு நாள் எரிந்தது.

அன்று கருகிக் கிடந்த சரிவில், தன் மனைவி சுள்ளி பொறுக்கிய இடத்தை விவசாயி எனக்குக் கைநீட்டிக் காட்டினார். அது எத்தனை மணிக்கு எரிந்தது என்று கேட்டேன்.

"அவ மேல ஏறி வந்து, ஒரு சொம்பு தண்ணி குடிச்சு முடிக்கலைண்ணே" என்றார்.