குரோமியம் செய்யாத காந்தம்

நாற்பத்தேழு வயதில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தவனை மாணவன் என்று கூப்பிட யாருக்கும் வாய் வராது. லேபில் எல்லோரும் என்னை ‘சார்’ என்றார்கள், என்னைவிட இளையவரான நெறியாளர் உட்பட. கடலூரில் நான் பாடம் நடத்திய தனியார் கல்லூரி, முனைவர் பட்டம் இல்லாதவர்கள் நான்கு கல்வியாண்டுக்குமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதனால்தான் பல்கலைக்கழகம் இருக்கும் சிதம்பரத்துக்கு பஸ். அறிவுத்தாகம் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன்.

துத்தநாக ஆக்சைடு காந்தமல்ல. குரோமியமும் இரும்பைப்போல ஒட்டுகிற காந்தமல்ல. ஆனால் அந்த ஆக்சைடில் கொஞ்சம் குரோமியம் கலந்து, கண்ணாடிமேல் மிக மெல்லிய படலமாகப் படியவைத்தால் சில சமயம் அது காந்தமாகிவிடுகிறது. அந்தக் குணம் எங்கிருந்து வருகிறது? உலகத்தில் பலர் இதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடலூர் சார்பில் நானும் போய்ச் சேர்ந்தேன்.

மனைவியின் தம்பிக்கு இது பெரிய வேடிக்கை. “காந்தம்தான மாமா வேணும்? ஸ்பீக்கர ஒடச்சா உள்ள இருக்குது. இதுக்கா வாரா வாரம் சிதம்பரம் போறீங்க?” என்றவன், பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை என் பைக்குள் போட்டான். “ரிசல்ட் வரலன்னா இத காட்டி டாக்டராயிடுங்க.”

ரிசல்ட் வந்தது. சென்னைக்கு அளவீட்டுக்கு அனுப்பிய படலங்கள், இரும்புக்கு வருவதுபோன்ற வளைய வரைபடத்தோடு திரும்பின. குரோமிய அணுக்கள் ஒன்றுக்கொன்று எப்படித் திசை சொல்லிக்கொள்கின்றன என்று ஒரு அத்தியாயமே எழுதினேன். என் கற்பனை வளம் எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பக்கத்து மேசையில் ஆராய்ச்சி செய்தவர் கம்மாபுரத்துப் பெண். வாய் சும்மா இருக்காது. “சார், குரோமியமே போடாத படலம் ஒண்ணு அனுப்பிப் பாத்தீங்களா?”

“எதுக்கும்மா? அதுல ஒண்ணும் வராது.”

“வராதுன்னா அனுப்பறதுக்கு இன்னா பயம்?”

அனுப்பினேன். அதே வளையம் வந்தது.

அவர்தான் அந்தப் படலத்தை எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்தார். நாங்கள் போடாத இரும்பு அதில் இருந்தது. படலம் செய்யும் வெற்றிடக் கலத்தைக் கழற்றினோம். கண்ணாடியைத் தாங்கிச் சூடேற்றும் தட்டின் திருகு மரைக்குள் ஏதோ கறுப்பாக இறுகிக் கிடந்தது. சுரண்டினால் அடியில் சிவப்பு.

ஆயுத பூஜை! ஒவ்வொரு வருஷமும் எல்லாக் கருவிக்கும் பொட்டு வைப்போம். “உள்ள இருக்கறதுதான வேல செய்யுது, அதுக்கும் வைங்க” என்பார் நெறியாளர். மறுநாள் துணியால் துடைப்போம். மரைக்குள் துணி போகாது. மலிவுக் குங்குமத்தில் செங்காவி கலப்பதுண்டு. செங்காவி இரும்புத் துருவின் பங்காளி. காற்றில்லாத இடத்தில் சுட்டால் கறுத்து, நல்ல காந்தச் சரக்காகிவிடும். அதன் துகள்தான் படலத்திலும் ஏறியிருந்தது. சுரண்டிய பொடியைத் தாளில் கொட்டி, பையிலிருந்த ஸ்பீக்கர் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன். பொடி எழுந்து வந்து ஒட்டிக்கொண்டது.

“ஒங்க மச்சான் கெட்டிக்காரர் சார்” என்றார், அந்தக் காந்தம் வந்த கதையை என்னிடம் முன்பே கேட்டிருந்த அவர். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

புதுத் தட்டு மாட்டி மறுபடி படலங்கள் செய்தேன். வளையம் போய், வெறும் நேர்கோடு வந்தது. ஆஸ்பத்திரித் திரையில் பார்த்ததும் சொந்தக்காரர்கள் அழ ஆரம்பிப்பார்களே, அந்த மாதிரிக் கோடு.

நெறியாளர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். “பழைய கிராஃப வச்சு சப்மிட் பண்ணிடுங்க சார். யாரு வந்து மரைய நோண்டப்போறாங்க?”

“குரோமியம் போடாத படலத்த இன்னா பண்றது?”

“அத அனுப்பவே இல்லன்னு வச்சிக்குங்க.”

கெட்டவரில்லை. என் வேலை போகக்கூடாது என்று நினைத்தார். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் மறுநாள் கடலூரில் வகுப்பெடுக்கும்போது பலகையில் அந்த வளையத்தை வரையவேண்டி வந்தது. பாதி வரைந்து அழித்துவிட்டேன். பையன்களுக்கு அன்று சீக்கிரம் விடுதலை.

காந்தம் குரோமியத்தால் அல்ல, இரும்பு மாசால் வந்தது என்று எழுதிக் கொடுத்தேன். நெறியாளர் படித்தார். “சரிதான் சார். ஆனா மாசு வரும்னு ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும். இதுக்குப் பட்டம் தரமாட்டாங்க. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

அதற்கு அவகாசமில்லை. நான்காவது கல்வியாண்டோடு வேலையும் முடிந்தது. மனைவி “போனா போவுது” என்றாள். இரண்டாவது தடவையும் சொன்னதால் நம்பிக்கை வரவில்லை. மச்சான் என்னைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டான்.

லேபில் என் மேசையைக் காலிசெய்யப் போன நாள் ஆயுத பூஜையாக அமைந்தது. நெறியாளர் கலத்தைத் திறக்காமல் வெளியே மட்டும் பொட்டு வைத்தார். பிறகு என்னிடம் வந்தார். “நெத்திய காட்டுங்க சார்.”

“நல்லா அழுத்தியே வைங்க. இத யாரும் வேக்குவத்துல வச்சு சுடப்போறதில்ல.”

கம்மாபுரத்துப் பெண் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பொட்டலத்தில் பொரி கட்டிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் தின்றுகொண்டே வந்தேன். கடலூர் நெருங்கி, ரசாயன ஆலைகள் இருக்கும் குடிகாட்டில் வழக்கமான கெமிக்கல் நாற்றம் வந்ததும் மடித்து வைத்துவிட்டேன்.