பேப்பர்கடைக்காரர் வீட்டுப் படி

எங்கள் சந்தில் வீடுகள் அகலமாக வளர இடமில்லாமல் மேலே வளர்ந்தவை. மகனுக்குக் கல்யாணமானால் ஒரு மாடி, பேரன் பிறந்தால் அதன்மேல் தகரம். படிக்கட்டு மட்டும் மூன்று நான்கு வீட்டுக்கு ஒன்றுதான். படி இருக்கிற வீட்டுக்குள் புகுந்துதான் மற்றவர்கள் மாடியேற வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் காலை மடக்கி வழிவிடுவார். பத்திரம் கித்திரம் எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. வெளியாட்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

தையல்காரி அப்படித்தான் பேப்பர்கடைக்காரர் வீட்டுப் படியில் ஏறி இறங்கினாள். அவள் வாய்க்கு எதிரே யாரும் நிற்க முடியாது. கல்யாணமான புதிதில் அவள் புருஷன், பெயிண்டர், கீழ் அறை மூலையில் சொந்தமாகப் படி கட்டலாம் என்றார்.

"அந்த எடத்துல என் மிஷினப் போடணும். அண்ணன் வீட்டுப் படி இருக்கையில நமக்கு எதுக்கு இன்னொண்ணு?"

அண்ணன் என்றது பேப்பர்கடைக்காரரை. எங்கள் சந்தில் யாராக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

பிறகு பெயிண்டர் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே விளங்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கீழ் அறையை விற்றாள். அதை வாங்கியவன் கிடங்காக்கிப் பூட்டிவிட்டான். அவரை அண்ணன் வீட்டுப் படி வழியாகத் தூக்கி மேலே கிடத்தினோம். மாதம் ஒருமுறை அதே வழியாக டாக்டரிடம் தூக்கிப் போவோம். சளைக்காமல் எங்களைக் கிண்டலடித்துக்கொண்டே வருவார்.

போன மாதம் பேப்பர்கடைக்காரரின் பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். வாங்கியவர் இடித்துக் கட்டப்போகிறார். தையல்காரி நேரே பேப்பர்கடைக்காரரிடம் போய்க் கேட்டாள்.

"இரும்பு ஏணி வச்சுத் தரச் சொல்லியிருக்கேன்மா," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஏணியில நான் ஏறிக்குவேண்ணே. அவரு?"

அவர் அழுதார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகிறவர் விற்குமுன் அழுதிருக்கலாம்.

ஊரெல்லாம் அலைந்து பார்த்தாள். தரைத்தளத்தில் அறை கிடைத்தால் வாடகை கட்டுபடியாகவில்லை. கட்டுபடியானால் நோயாளி என்றதும் கதவைச் சாத்தினார்கள். மாடியை விற்கலாமென்றால், படியில்லாத மாடியை யார் வாங்குவார்?

இடிக்கிற அன்று காலையில் நாங்கள் நாலு பேர் மேலே போனோம். வழக்கம்போல நாற்காலியைக் கட்டிலோரம் போட்டேன். பெயிண்டர் அன்று கிண்டலடிக்கவில்லை.

"எறக்கி?" என்று என்னைக் கேட்டார். "எறக்கி எங்கப்பா போடுவீங்க என்னை?"

எங்கள் நாலு பேருக்கும் ஒற்றை அறை வீடுதான். தையல்காரி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்புறம் நாற்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்தாள்.

"நேரமாச்சு. நீங்க எறங்குங்கண்ணே," என்றாள்.

கீழே கடப்பாரையோடு ஆட்கள் காத்திருந்தார்கள். நாங்கள் வெறுங்கையோடு இறங்கினோம். அந்தப் படியில் கடைசியாக இறங்கியவன் நான்.